பழைய ஏடாட், டிஜி 001, புது லேப்டாப்: எதை எதோடு மாட்டுவது?

உங்கள் நிலைமையை நான் புரிந்துகொண்ட வரை முதலில் சொல்லிவிடுகிறேன், படிக்கிற மற்றவர்களுக்கும் உதவும். மாமா நடத்திவந்த சின்ன ரெக்கார்டிங் ஸ்டுடியோவை மூடியாயிற்று, சாமான்கள் உங்கள் வீட்டுக்கு வந்துவிட்டன. முன்பக்கம் கறுப்பாக இருக்கிற அலெசிஸ் ஏடாட் (கேசட்டில் பதியும் ரெக்கார்டர்) இரண்டு, முப்பதுக்கு மேல் கேசட், டிஜி 001 என்ற ஆடியோ கார்டு போட்ட பவர் மேக் ஜி4 கம்ப்யூட்டர், ஸ்கஸி என்ற பழைய இணைப்பில் மாட்டும் ஒரு வெளி டிஸ்க், டிஜி 002 ரேக் என்ற ஆடியோ இன்டர்ஃபேஸ் பெட்டி ஒன்று. கேசட் உறைகளில் கோயில் நாதஸ்வரம், சர்ச் பாட்டு, உள்ளூர் மெல்லிசைக் குழு என்றெல்லாம் எழுதியிருக்கிறது. உங்களிடம் இருப்பது விண்டோஸ் 11 லேப்டாப். இதையெல்லாம் அதில் மாட்டி ஓட்ட எந்த அடாப்டர் வாங்கவேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள்.

இப்போதைக்கு எதுவும் வாங்காதீர்கள். ஒரே வேலை மாதிரி தெரிகிற இதில் இரண்டு வேலை இருக்கிறது. கேசட்டிலும் டிஸ்க்கிலும் இருக்கும் பாட்டுகளை வெளியே எடுப்பது ஒன்று, அந்தப் பெட்டிகளைத் திரும்பவும் ரெக்கார்டிங்குக்குப் பயன்படுத்துவது இன்னொன்று. முதல் வேலைக்கு நாள் கடந்துகொண்டே இருக்கிறது. டேப் ஒவ்வொரு மழைக்காலத்திலும் கொஞ்சம் கெடும், ஹார்டு டிஸ்க் எந்தக் காலையில் சுற்றாமல் நிற்கும் என்று சொல்லமுடியாது. இரண்டாவது வேலையை ஐந்து வருடம் கழித்துக்கூட ஆசைக்குச் செய்துகொள்ளலாம். இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு, டிஜி 001-ஐப் புது கம்ப்யூட்டரில் ஓட்ட முயற்சி செய்தே ஒரு வருடத்தைப் போக்கி, அந்த ஒரு வருடத்தில் டிஸ்க்கை இழந்தவர்களை எனக்குத் தெரியும்.

இன்னொரு அடிப்படை விஷயம். பிளக் பொருந்துவது வேறு, வேலை செய்வது வேறு. டிஜி 001 ஒரு பிசிஐ கார்டு, அதாவது கம்ப்யூட்டருக்குள் பிசிஐ என்ற பழைய சாக்கெட்டில் சொருகுவது, 1999-இல் வந்தது. இன்றைய டெஸ்க்டாப்புகளில் பிசிஐ சாக்கெட் கிடையாது, பிசிஐ எக்ஸ்பிரஸ்தான் இருக்கும், இரண்டுக்கும் நடுவில் மாட்டும் பிரிட்ஜ் போர்டுகள் கிடைக்கின்றன, மாட்டினால் கம்ப்யூட்டர் "ஏதோ ஒரு கார்டு இருக்கிறது" என்று சொல்லவும் சொல்லும். அதோடு நின்றுவிடும், ஏனென்றால் அந்தக் கார்டுக்கு 64 பிட் விண்டோஸ் டிரைவரை (கார்டையும் விண்டோஸையும் பேசவைக்கும் மென்பொருள்) யாரும் எழுதவே இல்லை. 64 பிட் விண்டோஸ் 32 பிட் டிரைவரை ஏற்றாது. விர்ச்சுவல் மெஷினில் (கம்ப்யூட்டருக்குள் மென்பொருளாக ஓடும் இன்னொரு கம்ப்யூட்டர்) பழைய விண்டோஸ் எக்ஸ்பி போட்டாலும் லேப்டாப்பில் அந்தக் கார்டை அதன் கையில் கொடுக்க வழி இல்லை. அதனால் பழைய கருவி எதைப் பார்த்தாலும் "இதை மாட்ட ஒயர் கிடைக்குமா" என்று கேட்பதற்கு முன்னால் "இதன் டிரைவர் எந்த வருடத்தோடு நின்றது" என்று கேளுங்கள். பாதி அடாப்டர் செலவு மிச்சமாகும்.

நான் செய்கிற முறை இதுதான்: பழைய மெஷினை அதன் காலத்திலேயே இருக்கவிட்டு, அதற்கும் புதியதற்கும் நடுவில் இரண்டு பக்கமும் புரிந்துகொள்கிற ஒரே ஒரு பாலம் போடுவது. உங்களிடம் இருக்கும் சாமான்களுக்கு அந்தப் பாலம் ஏடாட் ஆப்டிகல் ஒயர், ஈதர்நெட் ஒயர் இரண்டும்தான்.

சரி, ஏடாட். அலெசிஸ் இதை 1991-இல் அறிவித்து 1992-இல் விற்பனைக்குக் கொண்டுவந்தது. வீடியோ பார்க்கிற எஸ்-விஎச்எஸ் கேசட்டிலேயே எட்டு ட்ராக் டிஜிட்டல் ஆடியோ, 16 பிட். அதே சமயத்தில் வந்த முதல் புரோ டூல்ஸ் (மேக்கில் ஓடும் ரெக்கார்டிங் சிஸ்டம்) நாலு ட்ராக்தான், விலை 6,000 டாலர், மேக் தனி. ஏடாட் எட்டு ட்ராக், 3,995 டாலர். சின்ன ஸ்டுடியோக்கள் ஏன் அதன் பக்கம் சாய்ந்தன என்பது இந்தக் கணக்கிலேயே தெரியும். டேப் சாதாரண விசிஆரைவிட மூன்று மடங்கு வேகத்தில் ஓடும், அதனால் 120 நிமிட கேசட்டில் சுமார் 40 நிமிடம்தான் பதியும். வீட்டு விசிஆரில் போட்டால் இதிலிருந்து ஒன்றும் வராது, அந்த முயற்சியே வேண்டாம்.

மெஷினுக்கு கரண்ட் கொடுப்பதற்கு முன் செய்யவேண்டியவை. பின்பக்க லேபிளில் வோல்டேஜ் பாருங்கள், வெளிநாட்டிலிருந்து வந்த மெஷின் 120 வோல்ட்டாக இருக்கலாம், நேராக நம் வீட்டு பிளக்கில் சொருகினால் முடிந்தது கதை. அடுத்து, ஒவ்வொரு கேசட்டின் முதுகு ஓரத்திலும் இருக்கிற சின்ன பிளாஸ்டிக் நாக்கை ஸ்க்ரூடிரைவரால் உடைத்துவிடுங்கள். முப்பது கேசட்டுக்கும். அது உடைந்திருந்தால் மெஷின் அதன்மேல் பதியாது. முன்பக்கம் ஃபார்மேட் என்று ஒரு பட்டன் இருக்கிறது, விரல் தவறிப் போனாலும் மாமாவின் பதிவு பத்திரமாக இருக்கவேண்டும்.

அப்புறம் பூஞ்சை. நம் ஊர் ஈரத்துக்கு இது வராமல் இருந்தால்தான் ஆச்சரியம். கேசட்டை ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்து, அந்தச் சின்ன கண்ணாடி வழியாக டேப் சுருளின் விளிம்பைப் பாருங்கள். நல்ல டேப் என்றால் விளிம்பு ஒரே கறுப்பாக, தட்டு மாதிரி மினுங்கும். பூஞ்சை இருந்தால் வெள்ளையாக, மாவு தூவின மாதிரி திட்டுகள், சில சமயம் சிலந்தி நூல் போலக் கிளை பிரிந்து தெரியும். அப்படி ஒன்றைப் பார்த்தால் தனிப் பையில் போட்டு மூடித் தள்ளி வையுங்கள். ஒரே ஒரு பூஞ்சை கேசட்டை கவனிக்காமல் மெஷினில் ஓட்டி, ஹெட்டில் அப்பிக்கொண்டு, அதற்கடுத்துப் போட்ட நல்ல டேப்பிலும் கோடு விழுந்த அனுபவம் எனக்கு உண்டு. அந்த டேப்பின் கடைசி ஒன்பது நிமிடம் திரும்பி வரவில்லை. பூஞ்சை கேசட்டுகளை சிலிக்கா ஜெல் போட்ட டப்பாவில் இரண்டு மூன்று வாரம் உலரவிட்டு, முகமூடி போட்டுக்கொண்டு, இதற்கென்றே ஒதுக்கின ஒரு ஓட்டை விசிஆரில் சுற்றிச் சுற்றித் துடைக்கவேண்டும், அதைக் கடைசியாக வைத்துக்கொள்ளலாம். டேப்பை ஓவன் அடுப்பில் வைத்துச் சூடாக்கச் சிலர் சொல்வார்கள். அது பசை இளகிப்போன சில பழைய அனலாக் ரீல்களுக்கான வைத்தியம், இதற்கு வேண்டாம்.

மெஷினை முதலில் வேண்டாத ஒரு கேசட் போட்டுச் சோதியுங்கள். உள்ளே இழுக்கிறதா, முன்னும் பின்னும் ஓட்டுகிறதா, வெளியே எடுக்கும்போது டேப் வாலாக வருகிறதா என்று பாருங்கள். இத்தனை வருடம் சும்மா இருந்ததில் ரப்பர் சக்கரங்கள் கெட்டிப்பட்டு வழுக்கும், அதை மாற்றவேண்டி வரலாம். நல்ல பழைய விசிஆர் மெக்கானிக் ஒருவர் இதில் முக்கால்வாசி வேலையைச் செய்துவிடுவார், உள்ளே இருப்பது அவருக்குத் தெரிந்த சாமான்தான். ஹெட் துடைக்க காதுக்குப் பயன்படுத்தும் பஞ்சுக் குச்சி கூடாது, பஞ்சு நூல் ஹெட்டில் மாட்டிப் பிய்த்துவிடும். மெல்லிய ஷாமி தோல் ஒட்டின குச்சி, ஐசோபுரொபைல் ஆல்கஹால், இவைதான் வேண்டும். குச்சியை அசைக்காமல் லேசாக ஒட்டிப் பிடித்துக்கொண்டு, டிரம்மை மேலிருந்து விரலால் சுற்றவேண்டும். குச்சியை மேலும் கீழும் ஒருபோதும் தேய்க்காதீர்கள்.

இரண்டு மெஷினில் ஒன்று நன்றாக ஓடுகிறது என்று தெரிந்ததும் இன்னொன்றைத் தள்ளிவிட்டுவிடாதீர்கள். ஒரு மெஷினின் ஹெட் சாய்வுக்கும் இன்னொன்றின் சாய்வுக்கும் தலைமுடி அளவு வித்தியாசம் இருக்கும், பதிந்த மெஷினிலேயே ஓட்டும்போதுதான் டேப் சுத்தமாகப் படிக்கும். ஒரு கேசட் திக்கித் திணறினால் அடுத்த மெஷினில் போட்டுப் பாருங்கள். பல தடவை அதுவே தீர்வாக இருந்திருக்கிறது.

இப்போது லேப்டாப்புக்குக் கொண்டுவருவது. ஏடாட்டின் பின்னால் சதுரமாக, மூடி போட்டு, எரிந்தால் சிவப்பாகத் தெரிகிற ஒரு ஆப்டிகல் அவுட் இருக்கும். அதில் எட்டு ட்ராக்கும் ஒரே நூலில் வெளியே வருகிறது. இந்த முறை அந்த மெஷினோடு சாகவில்லை, இன்றைக்கு விற்கிற பல யுஎஸ்பி ஆடியோ இன்டர்ஃபேஸ்களில் ஏடாட் இன் என்று அதே ஓட்டை இருக்கிறது. ஆகவே நீங்கள் வாங்கவேண்டிய ஒரே பெரிய பொருள் ஏடாட் ஆப்டிகல் இன் உள்ள ஒரு யுஎஸ்பி இன்டர்ஃபேஸ். ஃபோகஸ்ரைட் ஸ்கார்லெட் 18ஐ20 போதும். இரண்டு மெஷினையும் சேர்த்து ஓட்டப்போகிறீர்கள் என்றால் நாலு ஆப்டிகல் இன் உள்ள ஆர்எம்இ டிஜிஃபேஸ் யுஎஸ்பி இன்னும் வசதி. வாங்கும்போது ஒரு ஏமாற்றத்துக்குத் தயாராக இருங்கள்: டிவிக்கு வருகிற ஆப்டிகல் ஒயரும் இதுவும் ஒரே ஒயர், ஒரே ஓட்டை, ஆனால் அதில் போகிற சிக்னல் எஸ்பிடிஃப், வெறும் ஸ்டீரியோ. மலிவான யுஎஸ்பி சவுண்டு கார்டில் ஆப்டிகல் இன் இருக்கிறது என்று வாங்கி வந்தால் ஏடாட் அதில் பேசாது. பெட்டியில் ஏடாட் என்று எழுதியிருக்கவேண்டும்.

மாட்டியதும் இன்டர்ஃபேஸின் கன்ட்ரோல் பேனலில் கிளாக் சோர்ஸை இன்டர்னலில் இருந்து ஏடாட்டுக்கு மாற்றுங்கள். இந்த ஒரு அமைப்பை விட்டுவிட்டுத்தான் "டேப் கெட்டுப்போச்சு, டிக் டிக் என்று சத்தம் வருகிறது" என்று பலர் கேசட்டைத் தூக்கிப் போடுகிறார்கள். இரண்டு மெஷினும் தனித்தனி கடிகாரத்தில் ஓடினால் சில நொடிக்கு ஒரு முறை ஒரு சாம்பிள் (ஒலியை அளந்து எழுதிய ஒரு எண்) கூடும் அல்லது குறையும், அந்த டிக் அதுதான். டேப்பில் ஒரு குறையும் இல்லை.

சாம்பிள் ரேட், அதாவது நொடிக்கு எத்தனை சாம்பிள் என்ற விஷயத்தில் கறுப்பு ஏடாட்டுக்கு ஒரு குணம் உண்டு. அதன் இயல்பு 48 கிலோஹெர்ட்ஸ். சிடிக்கு வேண்டிய 44.1 என்று தனி பட்டன் கிடையாது, பிட்ச்சைக் கீழே இறக்கித்தான் அதைப் பெறவேண்டும், மைனஸ் 147 சென்ட் (சென்ட் என்பது சுருதி அளவு, அரைச் சுரத்தில் நூறில் ஒன்று). மாமா கேசட் உறையில் எங்காவது "-147" என்று கிறுக்கியிருந்தால் அது 44.1-இல் பதிந்தது என்று அர்த்தம், ஓட்டும்போதும் பிட்ச்சை அங்கே வையுங்கள். (44.1 என்ற விநோதமான எண்ணே வீடியோ டேப்பிலிருந்து வந்ததுதான். ஆரம்பகால டிஜிட்டல் ஆடியோவை வீடியோ ரெக்கார்டரில் படமாக மாற்றிப் பதிந்தார்கள், நம் பால் (PAL) டிவி முறையில் ஒரு கோட்டுக்கு 3 சாம்பிள், 294 கோடு, நொடிக்கு 50 தடவை, பெருக்கினால் 44,100.) ஒருவேளை தவறாக வைத்துவிட்டாலும் பயப்படவேண்டாம், டேப்பில் உள்ள ஒவ்வொரு சாம்பிளும் ஃபைலில் ஒரு சாம்பிளாக வந்திருக்கும், பிறகு ஃபைலுக்கு "நீ 44.1" என்று சொல்லித் திருத்திக்கொள்ளலாம்.

இதே காரணத்தால் இன்னொரு நன்மையும் இருக்கிறது. பதினாறு ட்ராக் பாட்டு என்றால் இரண்டு கேசட்டில் எட்டெட்டாக இருக்கும். இரண்டு மெஷினும் நன்றாக இருந்தால் ஒன்பது பின் சிங்க் ஒயர் போட்டு ஒன்றாக ஓட்டி ஒரே தடவையில் எடுத்துவிடலாம். ஒரு மெஷின்தான் ஓடுகிறது என்றாலும் கவலை இல்லை, தனித்தனியாக எடுங்கள். இரண்டும் அன்றைக்கு சிங்க்கில் பதிந்தவை என்பதால் நீளம் சாம்பிள் கணக்கில் ஒன்றாக இருக்கும், ஆரம்பத்தை ஒட்டவைத்தால் போதும், நாற்பதாவது நிமிடத்திலும் விலகாது. அனலாக் டேப்பில் இதைச் செய்யவே முடியாது. ஒட்டவைக்கும்போது ஒரு நுணுக்கம்: கச்சேரிப் பதிவில் தவில் அடி எல்லா மைக்கிலும் விழுந்திருக்கும், அந்த அடியை வைத்து இரண்டு கேசட்டையும் பொருத்தத் தோன்றும். ஆனால் சத்தம் காற்றில் ஒரு மீட்டர் போக கிட்டத்தட்ட 3 மில்லிசெகண்டு எடுக்கும், 48 கிலோஹெர்ட்ஸில் அது சுமார் 140 சாம்பிள். நாதஸ்வர மைக் தவிலிலிருந்து இரண்டு மீட்டர் தள்ளி இருந்திருந்தால் அதில் அடி 280 சாம்பிள் தாமதமாக விழுந்திருப்பதுதான் நியாயம். அதை நேராக்கினால் மேடையின் இடைவெளியை அழித்துவிடுவீர்கள். இரண்டு கேசட்டிலும் ஒரே சிக்னலை நேரடியாகப் பதிந்த ட்ராக், உதாரணமாக க்ளிக் (தாளத்துக்காகப் பதியும் டிக் டிக் சத்தம்), இருக்கிறதா என்று முதலில் தேடுங்கள். அது இல்லாதபோது மட்டும் தவிலை நம்புங்கள், தூரத்தைக் கழித்துக்கொண்டு.

அடுத்தது ஜி4. பவர் பட்டனை அழுத்தவேண்டும் என்று கை துடிக்கும், பொறுங்கள். முதலில் உள்ளே இருக்கிற ஐடிஇ டிஸ்க்கைக் கழற்றுங்கள். ஐடிஇ-யிலிருந்து யுஎஸ்பிக்கு மாற்றும் ஒயர் சென்னை ரிச்சி தெருவில் சாதாரணமாகக் கிடைக்கும், தனி பவர் அடாப்டரோடு வருவதை வாங்குங்கள். லேப்டாப்பில் மாட்டியதும் விண்டோஸ் "இந்த டிஸ்க்கைப் பயன்படுத்த ஃபார்மேட் செய்யவேண்டும்" என்று கேட்கும். கேன்சல். மேக் டிஸ்க் அதற்குப் படிக்கத் தெரியாது, அவ்வளவுதான். லினக்ஸ் பென் டிரைவில் பூட் செய்து டிடிரெஸ்க்யூ என்ற மென்பொருள் கொண்டு முழு டிஸ்க்கையும் ஒரே இமேஜ் ஃபைலாக (டிஸ்க்கின் முழு நகல்) எடுத்துவிடுங்கள். இதற்குமேல் அந்த டிஸ்க் செத்தாலும் நீங்கள் நிம்மதியாகத் தூங்கலாம்.

டிஸ்க்குக்குள் நீங்கள் பார்க்கப்போவது பெரும்பாலும் எஸ்டி2 ஃபைல்கள். அந்தக் காலத்து மேக் புரோ டூல்ஸில் பலரும் பயன்படுத்தியது சவுண்டு டிசைனர் 2 என்ற இந்த முறைதான். இங்கேதான் நிறையப் பேர் தடுக்கி விழுகிறார்கள், அதனால் நிதானமாகச் சொல்கிறேன். பழைய மேக்கில் ஒரு ஃபைலுக்கு இரண்டு பாகம் உண்டு, டேட்டா ஃபோர்க், ரிசோர்ஸ் ஃபோர்க். எஸ்டி2-வில் சத்தம் முழுவதும் டேட்டா ஃபோர்க்கில், ஆனால் இது எத்தனை பிட், என்ன சாம்பிள் ரேட், எத்தனை சேனல் என்ற ஜாதகம் ரிசோர்ஸ் ஃபோர்க்கில். விண்டோஸ் டிஸ்க்கிலோ சாதாரண பென் டிரைவிலோ காப்பி செய்தால் இந்த இரண்டாவது பாகம் கழன்றுவிடும். மேக் ஓஎஸ் 9 அதை ரிசோர்ஸ்.எஃப்ஆர்கே என்ற தனி ஃபோல்டரில் போடும், ஓஎஸ் எக்ஸ் புள்ளியும் அடிக்கோடும் முன்னால் வைத்த குட்டி ஃபைலாகப் போடும், பார்ப்பவர்கள் குப்பை என்று நினைத்து அழித்துவிடுவார்கள். அழிக்காதீர்கள்.

ஏற்கெனவே அழிந்துபோயிருந்தாலும் சத்தம் போகவில்லை. அடாசிட்டி என்ற ஆடியோ மென்பொருளைத் திறந்து இம்போர்ட்டில் ரா டேட்டா என்பதைத் தேர்ந்தெடுங்கள். சைன்டு 16 பிட், பைட் வரிசை பிக் எண்டியன் (பைட்டுகள் எந்த வரிசையில் எழுதப்பட்டன என்பது), ஒரு சேனல், ஆஃப்செட் சைபர், 44,100 அல்லது 48,000. நண்பர் ஒருவருக்காக இப்படி ஒரு ஃபைலைத் திறந்தபோது முதலில் லிட்டில் எண்டியனில் திறந்துவிட்டேன். திரை முழுக்க மேலும் கீழும் இடிக்கிற ஒரே பட்டையாக அலை, ஹெட்ஃபோனில் எண்ணெய் கொதிக்கிற மாதிரி இரைச்சல். மூடிவிட்டு அந்த ஒரே ஒரு அமைப்பை பிக் எண்டியனுக்கு மாற்றித் திறந்தேன். அலை சுருங்கி நடுவில் வந்து உட்கார்ந்தது, இரண்டு விநாடி அமைதி, ஒருவர் தொண்டையைச் செருமுகிற சத்தம், அப்புறம் சுருதிப் பெட்டி. இருபது வருடமாக யாரும் கேட்காத பதிவு. உங்களுக்கும் இரைச்சலே வந்தால் 24 பிட் என்று மாற்றிப் பாருங்கள், நாலைந்து சேர்க்கைக்குள் ஏதோ ஒன்று சரியாக அமைந்துவிடும்.

ஆனால் தனித்தனி ஃபைல் கிடைத்தால் மட்டும் பாட்டு கிடைத்ததாகாது. எந்தத் துண்டு எந்த நொடியில் வருகிறது என்பது புரோ டூல்ஸின் செஷன் ஃபைலில் இருக்கிறது. ஒரு குரல் ட்ராக் அறுபது துண்டாக இருக்கும். அதனால்தான் இமேஜ் எடுத்து முடித்த பிறகு ஜி4-ஐ உயிர்ப்பிக்கச் சொல்கிறேன். மதர்போர்டில் பாதி பென்சில் பேட்டரி அளவில் ஒரு 3.6 வோல்ட் லித்தியம் பேட்டரி இருக்கும், செத்திருக்கும், மாற்றுங்கள். மாற்றாவிட்டால் தேதி பல பத்தாண்டுகள் பின்னால் போய் நிற்கும், சில ஜி4-கள் ஆன் ஆகவே மறுக்கும். புரோ டூல்ஸ் திறந்ததும் ஒவ்வொரு செஷனிலும் எல்லா ட்ராக்கையும் சைபரிலிருந்து கடைசி வரை தேர்ந்தெடுத்து கன்சாலிடேட் செய்யுங்கள், ஆப்ஷன், ஷிஃப்ட், 3. அறுபது துண்டும் ஒரே நீள ஃபைலாகிவிடும், எல்லா ட்ராக்கும் ஒரே புள்ளியில் தொடங்கும். அதை வேவ் ஃபைலாக எக்ஸ்போர்ட் செய்தால் இனி எந்த சாஃப்ட்வேரிலும், முப்பது வருடம் கழித்தும், இழுத்துப் போட்டால் பொருந்தும். ஃபைல் பெயரில் சாய்கோடு இருந்தால் எடுத்துவிடுங்கள், பழைய மேக் அதை அனுமதித்தது, விண்டோஸ் திணறும்.

வேவ் ஆக்கிய பிறகு ரிசோர்ஸ் ஃபோர்க் கவலை இல்லை, ஈதர்நெட் ஒயரால் ஜி4-ஐயும் லேப்டாப்பையும் இணைத்து எஃப்டிபியில் (நெட்வொர்க் வழியாக ஃபைல் அனுப்பும் முறை) எடுத்துக்கொள்ளலாம். யுஎஸ்பி வழியாக வேண்டாம், அந்த மெஷினில் இருப்பது யுஎஸ்பி 1.1, பத்து ஜிபி போக கிட்டத்தட்ட மூன்று மணி நேரம் ஆகும்.

மாமா பயன்படுத்திய ரிவர்ப், கம்ப்ரஸர் போன்ற எஃபெக்ட் எல்லாம் புது கம்ப்யூட்டரில் திறக்காது. அந்த மிக்ஸ் அப்படியே வேண்டும் என்றால் டிஜி 001-இலேயே ஏடாட் ஆப்டிகல் அவுட் இருக்கிறது. அதே ஆப்டிகல் ஒயர், அதே யுஎஸ்பி இன்டர்ஃபேஸ், எட்டு எட்டு ட்ராக்காக எஃபெக்டோடு ஓடவிட்டு லேப்டாப்பில் பதியலாம். ஒரு மணி நேரப் பாட்டுக்கு ஒரு மணி நேரம் ஆகும்தான். ஆனாலும் நான் முக்கியமான செஷன்களுக்கு இரண்டையும் செய்வேன், சுத்த ட்ராக் ஒரு செட், எஃபெக்டோடு ஒரு செட்.

ஸ்கஸி டிஸ்க் பற்றிச் சுருக்கமாக: ஜி4-இல் ஸ்கஸி கார்டு இருந்தால் அங்கேயே மாட்டி உள் டிஸ்க்குக்கு காப்பி செய்யுங்கள். எல்லாம் ஆஃபில் இருக்கும்போதுதான் ஒயரை மாட்டவேண்டும், ஐடி எண் மற்றொன்றோடு மோதக்கூடாது, சங்கிலியின் கடைசியில் டெர்மினேட்டர் இருக்கவேண்டும். கார்டு இல்லை என்றால் இனிஷியேட்டர் மோடு உள்ள ஜூலுஸ்கஸி போர்டு ஒன்றை வரவழையுங்கள், கம்ப்யூட்டரே இல்லாமல் பழைய டிஸ்க்கைப் படித்து எஸ்டி கார்டில் இமேஜாகப் போட்டுவிடும். அந்த இமேஜை மேக்கில் திறக்க நினைத்தால் ஒன்றைக் கவனியுங்கள்: 1998-க்கு முந்தைய எச்எஃப்எஸ் (மேக்கின் பழைய ஃபைல் அமைப்பு) டிஸ்க்காக இருந்தால் கேட்டலினாவும் அதற்குப் பிந்தைய மேக்ஓஎஸ்களும் அதைத் திறக்காது. மொஹாவி வரை திறக்கும், லினக்ஸும் திறக்கும்.

கடைசியாக டிஜி 002 ரேக். இதுதான் நீங்கள் திரும்பவும் பயன்படுத்தக்கூடிய ஒரே பெட்டி, நாலு மைக் ப்ரீஆம்ப் உள்ள நல்ல சாமான். இது ஃபயர்வயர் என்ற பழைய இணைப்பில் மாட்டுவது. இணையக் கடைகளில் ஒரு பக்கம் ஃபயர்வயர், மறுபக்கம் யுஎஸ்பி என்று ஒரு ஒயர் மலிவாக விற்கும், அதை வாங்காதீர்கள். அதற்குள் மொழிபெயர்க்கும் சிப் எதுவும் இல்லை, கம்பியை நேராக இணைத்திருப்பார்கள், ஃபயர்வயர் பவர் ஒயரில் 30 வோல்ட் வரை வரலாம், யுஎஸ்பி எதிர்பார்ப்பது 5. விண்டோஸ் 11 லேப்டாப்பில் இதற்கு வழி இல்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். மேக் நண்பர்கள் தண்டர்போல்ட்டிலிருந்து ஆப்பிளின் இரண்டு அடாப்டர் மாட்டி ஃபயர்வயருக்கு வருவார்கள், அதுவும் 2025-இல் வந்த மேக்ஓஎஸ் டஹோவோடு மூடியாயிற்று.

திறந்திருக்கும் கதவு லினக்ஸ். கர்னலிலேயே டிஜி 002, 003-க்கு டிரைவர் இருக்கிறது. ஒரு பழைய டெஸ்க்டாப், டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் சிப் உள்ள பிசிஐ எக்ஸ்பிரஸ் ஃபயர்வயர் கார்டு, ஆர்டர் (Ardour) என்ற ரெக்கார்டிங் சாஃப்ட்வேர், இவ்வளவுதான். இல்லையென்றால் 2012-இல் வந்த 13 அங்குல மேக்புக் புரோ ஒன்றை செகண்ட் ஹேண்டில் தேடுங்கள், ரெட்டினா இல்லாத மாடல். ஃபயர்வயர் 800, ஈதர்நெட், யுஎஸ்பி 3, மூன்றும் ஒரே மெஷினில், பழைய காலத்துக்கும் புதிய காலத்துக்கும் நடுவில் அது மாதிரி ஒரு லேப்டாப் பிறகு வரவில்லை. எனது மேசையில் ஒன்று எப்போதும் இருக்கும், இன்டர்நெட்டில் இணைக்காமல். எந்த வழியாக இருந்தாலும் ஃபயர்வயர் ஒயரை இரண்டு பக்கமும் ஆஃப் செய்துவிட்டுத்தான் மாட்டுங்கள். ஆனில் இருக்கும்போது மாட்டி போர்ட் சிப் எரிந்துபோன டிஜி பெட்டிகளை நிறையப் பார்த்துவிட்டேன்.

எடுத்த ஃபைல்களை 24 பிட் வேவாகவே வையுங்கள், 48-இல் வந்ததை 44.1-க்கு மாற்றாதீர்கள், எம்பி3 வாட்ஸ்அப்பில் சொந்தக்காரர்களுக்கு அனுப்ப மட்டும். மூன்று பிரதி, அதில் ஒன்று வேறு வீட்டில். ஃபைல் பெயரில் கேசட் எண், ட்ராக் எண், என்ன வாத்தியம் என்று மூன்றும் இருக்கட்டும்.

அந்த மூன்றாவது விவரத்துக்காகத்தான் கேசட் உறைக்குள் மடித்து வைத்திருக்கும் ட்ராக் ஷீட்டுகளை இன்றைக்கே போட்டோ எடுங்கள் என்கிறேன், இதற்கு எந்த மெஷினும் வேண்டாம். பென்சிலில் எழுதியது மங்கியிருக்கும், பக்கவாட்டில் டார்ச் அடித்து எடுத்தால் எழுத்தின் பள்ளம் தெரியும். "குரல் 2" என்று மட்டும் எழுதியிருக்கிற இடங்களில் யார் குரல் என்று மாமாவிடமோ, அவரோடு வேலை பார்த்தவர்களிடமோ கேட்டு அந்தப் போட்டோவின் மேலேயே எழுதிவிடுங்கள். முதல் கேசட் ஓடி முடிந்ததும் என்ன வந்தது, எங்கே திக்கியது என்று சொல்லுங்கள், அதைப் பார்த்துக்கொண்டு ரப்பர் சக்கரம் எந்த அளவு வாங்குவது என்று சொல்கிறேன்.